பாட்டின் வழி நின்ற யாழ்

குடமுழுக்கு நன்னாளில் யாகசாலையினின்றும் கடம் புறப்பட்டுத் திருக்கோயிலை வலம் வரும்பொழுது அதன் முன்னே நாகசுரம் முழங்கிச் செல்லும். அன்பர்களின் கண் கடத்தின்மேலும் கருத்து விமானத்தின்மேலும் இருத்தலின், அவ்விசையின் அமைப்பை உன்னிக் கேட்பார் சிலரே. உன்னிக் கேட்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஆங்கே நாயனம் இரண்டு. முதல் நாயனத்தார் ஒரு பிடியை எடுத்து நீட்டிக் குழைத்து மேலேற்றி நிறுத்துவார். இரண்டாம் நாயனத்தார் அப்பிடியையே சிறிது பின்னே தொடர்ந்து, சில அசைவுகளைக் குறைத்தும் சிலவற்றைத் தம் போக்கிற் கூட்டியும் ஊதுவார். இருவர் ஊதுவதும் ஒரே இராகம், ஒரே பாட்டு. ஆயினும் இருவர் விரலும் மூச்சும் ஒரே தடத்திற் செல்வதில்லை. ஒத்துக்காரர் ஆதார சுருதியை விடாது பிடித்திருக்க, அதன்மேல் ஒரு பண் இரு வழியாய் நடந்து செல்கின்றது.

இதனைக் குறையெனக் கருதுவாரும் உளர். இரண்டு நாயனமும் இம்மியும் பிசகாது ஒட்டி ஒலித்தலே சிறப்பு என்றும், ஒட்டாமை பயிற்சிக் குறைவு என்றும் அவர் கூறுவர். அக்கூற்று ஆராயாது கூறியதாம். ஒன்றையே பற்றி நின்று வேறுபட்டு ஒலித்தல் தமிழகத்தின் பழைய இசைநெறிகளுள் ஒன்று. சைவ உலகம் கைகூப்பித் தொழும் அடியார் ஒருவரது வரலாறும், ஆளுடைய பிள்ளையார் அருளிச்செய்த பதிகம் ஒன்றின் வரலாறும் அந்நெறியை அடியாகக் கொண்டு எழுந்தனவே. அவ்வரலாறு நிகழ்ந்த நிலம் நன்னிலத்தைச் சூழ்ந்த காவிரிக் கழனி நாடே ஆதலின், இத்தகைய மலரில் அதனை எண்ணிப் பார்த்தல் பொருத்தமுடைத்து.

பல நாட்டு இசைகளை ஒப்புநோக்கிய மேனாட்டறிஞர், பலர் கூடி இசைக்கும் முறைகளை வகுத்துக் காட்டினர். அனைவரும் ஒரே இசையை வேறுபாடின்றி ஒலித்தல் ஒரு வகை. வெவ்வேறு சுரங்களை ஒரே காலத்தில் ஒலிப்பித்து அவற்றின் பொருத்தத்தால் இன்பம் விளைத்தல் பிறிதொரு வகை. பாண்டு வாத்தியத்திற் கேட்கப்படும் ‘ஹார்மனி’ என்பது இது. இவ்விரண்டினும் அடங்காத மூன்றாவது ஒன்று உண்டு. பாட்டு ஒன்றே; அதனை இசைப்பார் பலர்; ஒவ்வொருவரும் தம் மிடற்றுக்கும் தம் கருவிக்கும் இயைந்தவாறு அதனைச் சிறிதே மாற்றி ஒரே காலத்தில் நடத்துவர். இதனை ‘ஹெட்டரோஃபொனி’ என்பர். கிரேக்க மொழியில் இச்சொல் வேற்றொலி எனப் பொருள்படும். கி.மு. நான்காம் நூற்றாண்டினராகிய பிளேட்டோ தம்முடைய ‘சட்டங்கள்’ என்னும் நூலில் இச்சொல்லை ஆண்டுள்ளார். இளஞ்சிறார்க்கு இசை பயிற்றும் ஆசிரியன் பாட்டின் சுரத்தையே நரம்பிலும் ஒலித்தல் வேண்டும் என்றும், பாட்டு ஒருவழியும் நரம்பு ஒருவழியுமாகச் செல்லும் வேற்றொலி மூன்றாண்டிற்குள் இசை கற்றாகவேண்டிய சிறார்க்கு ஏலாது என்றும் அவர் விதித்தார். இல்லாத ஒன்றை விலக்குவார் இலர். எனவே அந்நாட்டு இசைவல்லாரிடையே இவ்வழக்கம் பயின்றிருந்தமை அவ்விதியாலேயே பெறப்படும்.

அப்பழஞ்சொல் நெடுநாள் நூலுள் உறங்கிக் கிடந்தது. செருமானிய அறிஞர் கார்ல் ஸ்டும்ப் 1901-ஆம் ஆண்டில் சயாம் நாட்டு இசையைப்பற்றி எழுதுங்கால், அந்நாட்டுக் கலைஞர் ஒரே பாட்டைப் பல கருவிகளிற் பலபடியாக நடத்தும் இயல்பைக் குறிக்க வேறு சொல் காணாது இதனை எடுத்தாண்டார். சயாம் என்றதும் சைவ அன்பர்க்கு நினைவு வருவது ஒன்றுண்டு. அந்நாட்டு அரசவை அந்தணர் மணிவாசகரின் திருவெம்பாவையைத் தம் விழாவில் ஓதும் மரபினர். சாவகத் தீவில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் சிவபெருமானுக்கு எடுக்கப்பெற்ற பிரம்பானன் பெருங்கோயில் நிற்கும் நாட்டில், ‘கமெலான்’ என்னும் வெண்கலக் கருவிக்குழு வழங்குகின்றது. அக்குழுவிற் சில கருவிகள் பாட்டின் எலும்புக்கூட்டை மட்டும் நிதானமாய் ஒலிக்க, ஏனையவை அதனையே இருமடங்கும் நான்மடங்குமாய் விரைந்து நுணுக்கி நிரப்பும். அராபியரின் நரம்புக் கருவிகளும் குழலும் பாடுவோன் குரலை இவ்வாறே தொடர்வன. சப்பான் நாட்டிலும் சீனத்துத் தென்கிழக்குப் பகுதியிலும் குழலும் நரம்பும் கூடும் அவைகளிற் பாட்டு ஒன்றாயிருக்க நடை பலவாதல் உண்டு. கருவியே இல்லாதவிடத்தும் இது நிகழும். இசுகாத்துலாந்தின் மேற்கே உள்ள லூயிஸ் தீவில், கிறித்தவ மக்கள் தம் தாய்மொழியாகிய கேலிக்கில் தோத்திரம் பாடுங்கால், முன்னவர் ஒருவர் ஓரடியை எடுத்துக்கொடுப்பார். சபையார் ஒவ்வொருவரும் அதனைத் தத்தம் குழைவோடு இழுத்துப் பாடுவர். நம் கோயில்களில் ஓதுவார் முன்னே பாட அடியார் குழாம் பின்னே பாடும் காட்சியைக் கண்டார்க்கு அது புதுமையாகத் தோன்றாது.

இனித் தமிழ் வழக்கைக் காண்போம். இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையுள் இசைக்கருவியாளர் ஒவ்வொருவரின் இலக்கணத்தையும் விரித்துரைக்கின்றார். அவருள் குழலோனுக்கு விதித்த இலக்கணம் ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. அவன் தண்ணுமை முதல்வனொடு பொருந்தி நிற்றல் வேண்டும். பாடுவோன் பாடிய இசையின் இயல்பை உணர்தல் வேண்டும். அவ்விசையில் வந்ததனை வளர்த்தல் வேண்டும். வரவிருப்பதனை ஒற்றறிந்து கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு செய்துங்காலை எழுத்தெழுத்தாகப் பாட்டின் உருவம் விளங்க வழுவின்றி இசைத்தல் வேண்டும். இருமருங்கும் பிடித்து இழுக்கும் கட்டளைகள் இவை. எழுத்துத் தோறும் பாட்டை விட்டு விலகலாகாது என்பது ஒருபுறம். வந்ததை வளர்க்கவேண்டும் என்பது மறுபுறம். வளர்த்தல் என்பது உள்ளதை உள்ளவாறே திருப்பிச் சொல்லுதல் அன்று. வருவதை ஒற்றறிதல் என்பதோ பின்னே செல்வோனாயினும் முன்னே நோக்கும் கண்ணுடையனாதல். வழிச்செல்லும் கலைஞனுக்கு இதனினும் நுட்பமான இலக்கணத்தை ஒரு நூல் கூறுதல் அரிது. அவ்வரங்கில் மாதவி ஆடப் புகுங்கால் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் என ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகள் நின்ற முறையையும் அடிகள் காட்டுவார். வழி நிற்றல் என்னும் கருத்து அக்காலத்தே இசைக்குழுவின் உயிர்நாடியாய் இருந்தது.

யாழ்க்கருவி வழிவழியாகப் பாணர் மரபினர்க்கு உரியது. அம்மரபில், இந்நாளில் இராசேந்திரப்பட்டினம் எனப்படும் திருஎருக்கத்தம்புலியூரில் தோன்றியவர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். அவர்தம் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் கூறுங்கால், மதுரையில் திருவாலவாய் இறைவன் அவருக்குப் பொற்பலகை இடுவித்ததையும், அதன்பின் திருவாரூரில் அவர் கோயில் வாயிலின்முன் நின்று யாழிசைக்க, இறைவன் வடதிசையில் வேறொரு வாயில் வகுப்பித்து அவரை உள்ளே புகச்செய்ததையும் சொல்வார். தரையின் ஈரம் தாக்கின் நரம்பின் கட்டுத் தளரும் என்று கருவிக்காகப் பலகை இடுவித்தனன் இறைவன் என்பது வரலாறு. குலத்தின் பெயரால் வாயிலில் நிறுத்தப்பட்டவருக்காக மதிலையே திறப்பித்தான் என்பதும் வரலாறு. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணுவார்க்குச் சேக்கிழார் உள்ளக்கிடக்கை விளங்கும்.

பின்னர்ப் பாணனார் தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் சீகாழிக்கு வந்து ஆளுடைய பிள்ளையாரைத் தொழுதார். பிள்ளையார் அருளிய பதிகங்களை யாழில் இட்டு இசைக்கும் பேற்றை வேண்டிப் பெற்றார். அது முதல் பிள்ளையார் செல்லும் தலந்தோறும் மூன்று இசைகள் உடன்சென்றன: பிள்ளையாரின் திருவாக்கு, பாணனாரின் யாழ், மதங்கசூளாமணியாரின் மிடற்றிசை. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் இத்தண்புனல் நாட்டு ஊர்களிற் பதிகம் முதன்முதலாக ஒலித்தபொழுது அது தனிக்குரலாய் ஒலிக்கவில்லை. நரம்பும் அணங்கனையார் குரலும் அதனோடு பின்னி நடந்தன. இன்று பதிகத்தைத் தனிக்குரலாகவே கேட்டுப் பழகியோர் இதனை மறத்தலாகாது.

இத்தோழமை ஒருநாள் சோதனைக்கு உள்ளாயிற்று. காரைக்காலுக்கு அணித்தான திருத்தருமபுரம் பாணனாருடைய தாயார் பிறந்த ஊர். (மயிலாடுதுறையை அடுத்துள்ள ஆதீனத் திருத்தலமாகிய தருமபுரம் வேறு, இது வேறு. பெயரொற்றுமையால் மயங்குவார் பலர்.) ஆங்குப் பிள்ளையார் எழுந்தருளியபொழுது பாணனாரின் சுற்றத்தார் மகிழ்ந்து கூடினர். உறவினர் பெருமையால் அவர்கள் ஒரு சொற் சொன்னார்கள். பதிகத்தின் இசை உலகெங்கும் பரவியது பாணர் அதனை யாழில் இட்டு வாசிப்பதனாலேயே என்பது அச்சொல். சுற்றத்தார் சொல்லிற் குற்றம் காணல் எளிது. ஆனால் உலகில் எங்கும் நிகழ்வது அது. வழிச்செல்வோன் சிறந்தவனாய்விடின், முன்செல்வோன் அவனால் வாழ்கின்றான் என்று கேட்போர் கூறத் தொடங்குவர். சிறந்திலனாயின் அவனை எண்ணுவாரே இலர். உடன்வாசிக்கும் கலைஞர்க்கு இவ்விரண்டிடையே நிற்பது நாள்தோறும் நேரும் நெருக்கடி.

அச்சொல் கேட்ட பாணனார் நடுங்கினார். பிள்ளையாரை வணங்கி, இவர்கள் அறிய, யாழில் அடங்காததொரு பதிகத்தைப் பாடியருளல் வேண்டும் என விண்ணப்பித்தார். தம் தோல்வியைத் தாமே வேண்டிப் பெற்ற கலைஞர் இவரையன்றி வேறு யாவர்? பிள்ளையார் அருளிய பதிகம் இன்று முதல் திருமுறையின் 136-ஆம் பதிகமாய், அத்திருமுறையின் இறுதியில் நிற்கின்றது. அதற்கு வகுத்த பண்ணின் பெயரே யாழ்முரி. யாப்பு நடையாலும் அது ஏனைப் பதிகங்களினின்றும் தனித்து நிற்பது. பாணனார் அதனை யாழில் இட முயன்றார், இயலவில்லை. இக்கருவியைத் தொட்டதனாலன்றோ இப்பழி நேர்ந்தது எனக் கருதி அதனை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். இறைவனின் அருட்பெருமை கருவியின் அளவிற்குள் அடங்குவதோ என்று தேற்றி, வந்த அளவில் இயற்றுக என்று அக்கருவியைத் திரும்ப அவர்க்கே அளித்தார்.

அருட்செயல் இது, ஐயமில்லை. எனினும் கருவியின் இயல்பை அறிந்தார்க்கு அருட்செயலின் நுட்பம் இன்னும் தெளிவாகும். யாழ் வீணையினின்றும் வேறுபட்டது. வில்போல் வளைந்த கோட்டிற்கும் பத்தருக்கும் இடையே நரம்புகள் கட்டப்பெற்றிருக்கும். பேரியாழ்க்கு நரம்பு 21, மகரயாழ்க்கு 19, சகோடயாழ்க்கு 14, செங்கோட்டியாழ்க்கு 7 என உரையாசிரியர் கணக்குக் கூறுவர். நரம்பு ஒன்றுக்குச் சுரம் ஒன்று. வீணையில் மெட்டின்மேல் தந்தியை அழுத்தி இழுத்தால் ஒரு சுரத்தினின்றும் அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லலாம். இரண்டிற்கும் இடைப்பட்ட நுண்ணொலிகள் யாவும் ஒலிக்கும். யாழிலோ மெட்டு இல்லை. பாடும் பண்ணுக்கு ஏற்பப் பாட்டுத் தொடங்குமுன் நரம்பைத் திருகியோ வலித்தோ அமைத்துக்கொள்ளல் வேண்டும். அமைத்தபின், மிடறு இரு சுரங்களிடையே குழைந்து இறங்கும் இடத்தில் யாழ் இரு சுரங்களையும் தனித்தனியே தெறித்துக் காட்டவே வல்லது. அதுவே அதன் அழகும் ஆகும். பாடுவோர் குழைக்கின்றார்; யாழோர் புள்ளியிட்டுச் செல்கின்றார்; கேட்போர் செவியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிகின்றன. பிள்ளையாரும் பாணனாரும் தலந்தோறும் நிகழ்த்திய இசை இத்தகையதாதல் வேண்டும்.

முரி என்னும் சொல் முறிதலை மட்டும் குறிப்பதன்று. தொடங்கிய இயலையும் இசையையும் இடையே மாற்றிப் பாடுதல் முரி என்பது சிலப்பதிகார உரையாசிரியர் கொள்கை. எடுத்த சுரவரிசை பாட்டின் நடுவே திரியுமாயின், முன்னரே அமைத்துக்கொண்ட நரம்புகள் என் செய்யும்? மிடற்றுக்கு அம்மாற்றம் ஒரு நொடி; யாழுக்கோ நரம்பெல்லாம் புதிதாய் அமைத்தாலன்றி இயலாது. பாட்டிற்கும் கருவிக்கும் உள்ள வேற்றுமை எந்த எல்லைவரை இனிமையாகுமோ அந்த எல்லையைப் பிள்ளையார் கடந்து காட்டினார் என்பது இதனாற் போதரும். எல்லை கடந்தமையால் அந்நெறி பொய்யாயிற்றில்லை. வந்த அளவில் இயற்றுக என்னும் அருள்மொழி, கருவி பாட்டோடு முற்றும் ஒத்தல் வேண்டும் என்று கேட்கவில்லை. கருவியைக் கைவிடவும் இசையவில்லை. இன்று ஓதுவார்கள் இப்பதிகத்தை அடாணா இராகத்தில் பாடக் கேட்கலாம்.

நாளடைவில் யாழ் வழக்கொழிந்தது. முதலாம் இராசராச சோழர் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதிகம் விண்ணப்பம் செய்ய வைத்த நிவந்தத்தைக் கல்வெட்டுக் கூறுகின்றது. பதிகம் பாடுவார் 48 பேர். உடுக்கை வாசிப்பார் ஒருவர். கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். அக்குழுவில் யாழ் இடம் பெறவில்லை. நெல்லுக்குக் குறைவில்லாத பேரரசன் நாற்பத்தெண்மரைப் பாடவைத்தான். பாணனார் நின்ற இடத்தில் ஒருவரையும் வைத்திலன். நாற்பத்தெட்டு மிடறுகள் கூடிப் பாடுங்கால் அவற்றிடையே தாமாகவே எழும் சிறு வேறுபாடுகள் அவ்விடத்தை நிரப்பியிருக்கலாம்.

ஆயினும் பாணர் மரபு பதிகத்திற்குச் செய்த பேருதவி அதற்கு முன்னரே நிகழ்ந்தது என்பர். தில்லையில் திருமுறை ஏடுகளை மன்னனும் நம்பியாண்டார் நம்பிகளும் கண்டெடுத்தபின், பாடல்கள் கிடைத்தும் பண் முறை கிடைக்கவில்லை. அந்நிலையில், திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாண நாயனார் மரபில் வந்த பெண்மணி ஒருவர் இறையருளால் பண் வகுத்தளித்தார் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். எவர் யாழ் பதிகத்தைத் தன்னுள் அடக்கவில்லையோ அவர் குடியிலேயே பதிகத்தின் பண் அடங்கிக் கிடந்தது. நன்னிலத்துப் பெருங்கோயிலில் நம்பியாரூரர் அருளிய பதிகம் பஞ்சமம் என்னும் பண்ணுக்குரியது என்று இன்று சொல்ல முடிகின்றதெனின், அதற்கும் அவ்வம்மையார்க்கே நன்றி கூறல் வேண்டும். கோச்செங்கட்சோழரின் மாடக்கோயிலாகிய இங்கு, தேவர்கள் தேனீக்களாய் வழிபட்டனர் என்பது தலவரலாறு. யாழொலியைத் தேனீயின் ஒலிக்கு ஒப்பிடுதல் புலவர் வழக்கு. மதுவனம் என்னும் திருப்பெயருடைய ஊரில் யாழைப் பேசுவதற்கு இதுவும் ஓர் இயைபு.

யாழ் விட்டுச்சென்ற இடத்திற்குக் கருவிகள் ஒவ்வொன்றாய் வந்தன. திருவாரூரில் தோன்றிய முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று அதனை நம் இசைக்கு ஆக்கினார். நாளடைவில் அக்கருவி வாய்ப்பாட்டின் நிழலாயிற்று. மெட்டில்லாத கருவியாதலின், யாழுக்கு இயலாத குழைவு பிடிலுக்கு இயன்றது. ஆதலின் வேற்றுமை குறைந்து ஒற்றுமை மிகுந்தது. இராகம் பாடுங்கால் பாடகரின் பிடியைப் பிடிலார் அரைக்கணம் பின்னே பற்றி, முழுதும் பெயர்க்காமல் அதன் சாரத்தை எடுத்து வைக்கும் இடங்களில் மட்டும் பழைய நெறி பளிச்சிடும்.

நாகசுரத்திலோ அது குன்றாது நின்றது. இதற்கு இப்பகுதியே பெருஞ்சான்று. திருமருகல் நடேச பிள்ளை தம் மருகரை வளர்த்து ஆளாக்கினார். அவரே திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கிய இராசரத்தினம் பிள்ளை (1898–1956). குறுகிய திமிரி நாயனத்தை விடுத்து நீண்ட பாரி நாயனத்தை அவர் கைக்கொண்டமையால் ஒலி தாழ்ந்து கனத்தது. இராகம் நெடிது விரிய இடம் உண்டாயிற்று. திருவீழிமிழலைச் சகோதரர்களாகிய சுப்பிரமணிய பிள்ளையும் நடராசசுந்தரம் பிள்ளையும் இரட்டை நாயனத்தைப் பிறிதொரு வழியிற் செலுத்தினர். கீர்த்தனங்களைச் சாகித்தியச் சொல் விளங்குமாறு இருவரும் ஒருங்கிணைந்து வாசிப்பதில் அவர் பெயர் பெற்றனர். மூத்தவராகிய சுப்பிரமணிய பிள்ளைக்கு 1956-இல் சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. அவர்கள் இருவரும் எவ்வளவு நெருங்கி வாசித்தும் இரண்டு மூச்சு இரண்டு மூச்சே. திருவீழிமிழலை இதற்கு ஏற்ற தலம் என்று சொல்லத் தோன்றுகின்றது. பஞ்சகாலத்தில் அங்கே இறைவன் அப்பருக்கும் பிள்ளையாருக்கும் நாள்தோறும் காசு அருளினான். ஒருவர்க்கு அளித்தது வட்டமின்றி மாறியது. மற்றவர்க்கு அளித்தது வாசியுடையதாய் இருந்தது. பதிகம் பாடி அவ்வாசியைத் தீர்த்துக்கொண்டார். கொடுத்தவன் ஒருவனே, காசு இரு தன்மைத்து.

இந்நாளில் இரண்டாம் நாயனத்தின் நிலை கவலைக்குரியது. திருவிழாக் காலத்தில் முழுக்குழுவை அழைக்கும் கோயில்கள், நித்திய பூசைக்கு ஒரு நாயனமும் ஒரு தவிலும் போதும் என்று அமைகின்றன. அவையும் இல்லாதவிடத்து, மின்விசையால் இயங்கி மணியும் முரசும் தானே அடிக்கும் பொறி ஒன்று சுவரோரத்தில் நிற்கின்றது. தீபாராதனை தொடங்கியதும் விசையை அழுத்துவர். அது ஒரே கதியில் அதிரும். அர்ச்சகர் நிதானித்தால் அது நிதானிப்பதில்லை; ஓதுவார் ஒரு சொல்லில் உருகி நின்றால் அது நிற்பதில்லை. வந்ததை வளர்ப்பதும் வருவதை ஒற்றறிவதும் அதற்கு ஏது? அப்பொறிக்குப் பொருள் கொடுக்கும் அன்பர் நல்லெண்ணத்துடனேயே கொடுக்கின்றனர். கோயில் ஓசையின்றிக் கிடக்கலாகாது என்பது அவர் கருத்து. எனினும் முக்குறுணி நெல் அளந்த கல்வெட்டைப் படிப்போர், உடுக்கை வாசிக்கும் ஒருவனைப் பாடுவோர் நாற்பத்தெண்மரோடு சமமாகவே மன்னன் கருதினான் என்பதையும் சேர்த்துப் படிக்கலாம். பின்செல்வோனுக்கு என்று அவன் ஒரு நாழியும் குறைக்கவில்லை.

யாழை மீட்டுக்காண முயன்ற பெருமுயற்சி ஒன்றும் இந்நாட்டிலேயே நிறைவெய்தியது. ஈழத்துக் காரைதீவில் 1892-இல் தோன்றி, இராமகிருட்டிண சங்கத்துத் துறவியாய், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய விபுலாநந்த அடிகள், பழந்தமிழ் யாழ்களின் உறுப்பும் நரம்பும் பாலைத்திரிபும் கணித்து ‘யாழ்நூல்’ இயற்றினார். தேவாரப் பண்களுக்கென அதனுள் தனி இயல் வகுத்தார். அந்நூல் கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் ஆதரவில் 1947 சூன் திங்களில், கொரடாச்சேரிக்கு அண்மையிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. பெருவெள்ளத்தில் ஓடக்காரரின்றி நாவலமே கோலாகப் பிள்ளையார் ஓடம் செலுத்திய தலம் அது. அடிகள் வகுத்த அளவின்படி செய்யப்பெற்ற யாழ்க்கருவிகள் அவ்விழாவில் மீட்டப்பெற்றன. பலநூறு ஆண்டுகட்குப்பின் அந்நரம்பொலி காவிரி நாட்டுக் கோயில் ஒன்றிற் கேட்டது. அடுத்த திங்களிலேயே, சூலை 19-இல், அடிகள் மறைந்தார்.

யாழ்முரி என்னும் பெயர் கேட்டு, தருமபுரத்தில் பாணனாரின் யாழ் முறிந்தே போயிற்று என்று இன்றும் பலர் கூறுகின்றனர். சேக்கிழார் அவ்வாறு கூறவில்லை. தருமபுரத்தினின்றும் திருநள்ளாற்றை வழிபட்டுப் பிள்ளையார் அடைந்த தலம் திருச்சாத்தமங்கை. இன்று சீயாத்தமங்கை என வழங்கித் திருமருகலுக்கு அருகே உள்ளது. ஆங்கே வேதியராகிய திருநீலநக்கர் பிள்ளையாரைத் தம் இல்லத்தில் எதிர்கொண்டார். இரவு தங்கும்பொழுது பாணனாருக்கும் அவர் மனைவியாருக்கும் இடம் தருக எனப் பிள்ளையார் பணித்தார். நீலநக்கர் வேறிடம் தேடவில்லை. மனையின் நடுவே, வேதிகையின் பக்கத்திலேயே இடமளித்தார். அவியாத வேள்வித்தீ வலமாகச் சுழித்து ஓங்கியது. அத்தீயின் அருகே அன்றிரவு துயின்றவரைச் சேக்கிழார் சகோடயாழ்த் தலைவர் என்றே பெயர் சொல்லி அழைக்கின்றார்.